பழைய கார் கண்காட்சிப் படங்களில் பிரதிபலிப்பும் வானவில் திட்டுகளும்: ஃபில்டரில் குறையா?

கேள்வி: வேளச்சேரிவாசி

அனைவருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு திடலில் அண்மையில் நடந்த பழைய கார் கண்காட்சிக்குக் கேமராவுடன் சென்றிருந்தேன். 24-70 மி.மீ. ஜூம் லென்ஸும், அதற்கென்றே புதிதாக வாங்கிய சிபிஎல் ஃபில்டரும் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் கண்ணாடி) கையில் இருந்தன. வீட்டிலிருந்து கிளம்பியது தாமதமானதால், படமெடுக்கத் தொடங்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

படங்களைக் கணினியில் திறந்து பார்த்தபோது எனக்கு நிறைவில்லை. கறுப்பு மோரிஸ் ஒன்றின் கதவில், எதிரே கட்டியிருந்த ஷாமியானாவின் சிவப்புக் கோடுகளும், ஓர் ஐஸ்கிரீம் வண்டியும், கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கும் நானும் அந்தக் காரைவிடத் தெளிவாகத் தெரிகிறோம். ஃபில்டரைத் திருகித் திருகிப் பார்த்தும் பம்பரின் பளபளப்பு துளியும் குறையவில்லை. அதே ஃபில்டர், ஒரு பியட் காரின் பின்கண்ணாடியில் வானவில் நிறத்தில் திட்டுத்திட்டாக எதையோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வெள்ளை அம்பாசடர் சாம்பல் பூசியதைப்போல் மங்கியிருக்கிறது. போனவுடன் எடுத்த முதல் சில படங்கள் முழுவதும் பால் படர்ந்தாற்போல் இருக்கின்றன.

ஃபில்டரில் குறையிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் அடுத்த கண்காட்சிக்குப் பயன்படும்.

பதில்: பெரம்பூர் ஸ்டூடியோக்காரர்

வணக்கம் சார். ஃபில்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்; அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கண்ணாடி, தண்ணீர், பெயிண்டின் மேல்பூச்சு போன்ற உலோகமல்லாத பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் சிபிஎல் வடிகட்டும். குரோம் பூச்சு உலோகம் என்பதால் அதிலிருந்து திரும்பும் ஒளி அந்த அளவுக்கு முனைவாக்கம் (ஒளியலைகள் ஒரே திசையில் அதிர்வது) அடைவதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் பம்பரிடம் தோற்றுத்தான் போகும். கண்ணாடியிலும்கூட எல்லாக் கோணத்திலும் அதன் வேலை ஒன்றுபோல் இருக்காது. பரப்பிலிருந்து ஏறத்தாழ 34 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அதன் பலன் உச்சத்தில் இருக்கும். கதவுக்கு நேர் எதிரே நின்றால் அநேகமாக ஒன்றுமே நடக்காது. பழைய கார்களின் உடல் முழுக்க வளைவுகள்தாம் என்பதால், ஒரே திருகலில் முன்கண்ணாடி தெளியும், பானட்டின் பாதி கறுக்கும், கதவு அப்படியே கிடக்கும். முன்கண்ணாடி, கதவு இரண்டையும் தெளிவாக்கியே தீரவேண்டுமென்றால் முக்காலியில் கேமராவைப் பூட்டி, ஃபில்டரை வெவ்வேறு நிலைகளில் வைத்து இரண்டு படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்துக்கொள்ளலாம். நான் அதைச் செய்வதில்லை. பிரதிபலிப்பை முழுவதும் துடைத்துவிட்டால் காரின் வடிவமே செத்துப்போகிறது. மட்கார்டின் வளைவைக் கண்ணுக்குக் காட்டுவதே அதன்மேல் ஓடும் அந்த ஒளிக்கோடுதான்.

வானவில் திட்டுகளுக்குக் காரணம் கண்ணாடியிலேயே இருக்கிறது. டெம்பர்டு கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் அதற்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. வானத்திலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஓரளவு முனைவாக்கம் அடைந்தது; அது இந்தக் கண்ணாடி வழியாக வந்து உங்கள் ஃபில்டரையும் கடக்கும்போது, உள்ளிருக்கும் இறுக்கம் நிறங்களாக வெளிப்படுகிறது. அந்தக் கோணத்துக்கு மட்டும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். கழற்றினால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும்) ஒளியும் மிச்சமாகும்.

இனி கதவுக்கு வருவோம். பாலிஷ் போட்ட கார் ஒரு நிலைக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படமெடுக்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எந்த இடத்தில் நின்றால் கதவில் வெறும் வானமோ வெறும் மரவரிசையோ விழுகிறது என்று பாருங்கள். நேர் எதிரே நிற்காமல் சாய்கோணத்துக்கு நகர்ந்தாலே உங்கள் உருவம் கதவிலிருந்து வெளியேறிவிடும். உயரமும் முக்கியம். செங்குத்தான கதவில் தெரியும் அடிவானக் கோடு உங்கள் கேமரா இருக்கும் உயரத்திலேயே நிற்கும். நீங்கள் குனிந்தால் அதுவும் இறங்கும், அதோடு ஷாமியானாவின் கால்களும் கூட்டமும் கதவின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடும், மேலே வானம் விரியும். பானட்டுக்கு இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். அது படுத்த பரப்பு என்பதால், தாழ்ந்து பார்த்தால் எதிர்ப்புறக் கூடாரங்களையெல்லாம் வாரிக்கொள்ளும். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் உச்சி வானம் மட்டும் விழும்.

பம்பர், வீல் கப், ஹெட்லைட் கிண்ணம் போன்ற குவிந்த குரோம் பாகங்களில் நீங்கள் எங்கே நின்றாலும் தெரியத்தான் செய்வீர்கள். பின்னால் தள்ளி நின்று லென்ஸின் 70 மி.மீ. முனையில் எடுத்தால் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுவீர்கள். அன்றைக்கு மஞ்சள் சட்டை மட்டும் வேண்டாம்.

வெள்ளை அம்பாசடரைப் பொறுத்தவரை, ஃபிரேம் முழுவதும் வெள்ளை நிறைந்திருந்தால் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் அதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டி, வெயில் நேராக விழும் மேற்பகுதி வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (படத்தின் ஒளி அளவுகளைக் கேமரா காட்டும் வரைபடம்) சரிபார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு மோரிஸுக்கு அதே அளவு குறைக்கவேண்டும். குரோமில் மின்னும் ஊசிமுனை வெளிச்சங்கள் வெளுத்தால் வெளுக்கட்டும்.

பதில்: திருவான்மியூர் பறவைப் படக்காரர்

முதல் படங்களில் படர்ந்த பால், பெரும்பாலும் ஏசி காரில் வந்ததன் விளைவாக இருக்கும். குளிர்ந்த லென்ஸை நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் திடீரென்று வெளியே எடுத்தால் அதன்மேல் ஈரம் படியும். பையின் ஜிப்பைத் திறக்காமலே அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்து, பிறகு கேமராவை எடுங்கள். லென்ஸில் படிந்ததை உடனே துணியால் துடைத்தால் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கறையாகிவிடும். ஈரம் தானாக ஆறும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

பதில்: ஹெரால்டு உரிமையாளர்

தம்பி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் காரோடு நிற்கிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த டிரையம்ஃப் ஹெரால்டை நம் சென்னையிலேயே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் கட்டிய கார். இதன் பானட்டு, இரு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். அப்படித் திறந்து வைத்தால் இன்ஜினும் முன்சக்கரங்களும் மறைவில்லாமல் தெரியும் என்பதால் கண்காட்சிகளில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் நல்ல வெயிலில் இன்ஜினின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கரியாகத்தான் படத்தில் வரும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றை யாராவது நிழல் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால், கார்புரேட்டரின் பித்தளைத் திருகுகள்வரை தெளியும். அதைப் பிடித்து நிற்க நானே வருவேன்.

இதைவிட முக்கியமானது நேரம். நாங்கள் கார்களைத் திடலுக்குள் ஓட்டி வந்து வரிசையில் நிறுத்துவது, வாயிலைப் பார்வையாளர்களுக்குத் திறப்பதற்கு வெகுமுன்பே நடந்துவிடும். ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி அந்நேரத்தில் வருகிறவர்களுக்கு ஷாமியானாவும் இல்லை, கூட்டமும் இல்லை. வெயில் கடல் பக்கத்திலிருந்து தாழ்வாக வரும். காரைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தச் சொன்னால் அப்போது யாரும் மறுப்பதில்லை. ஹெரால்டு என்றால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. வரிசையில் நெருக்கி நிறுத்திய பிறகு கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது.

ஒன்றே ஒன்று: கேமரா வார் கழுத்திலிருந்து தொங்க, கதவின்மேல் குனிந்து டாஷ்போர்டைப் படமெடுக்காதீர்கள். வாரின் கொக்கி பெயிண்டில் கீறினால் அந்தப் பகுதி முழுவதற்கும் மறுபடி நிறம் அடிக்கவேண்டும்.

கேள்வி: வேளச்சேரிவாசி

பதில் அளித்த எல்லோருக்கும் மிக்க நன்றி. ஏசி காரில்தான் சென்றேன், கேமரா முன்சீட்டில் குளிர்காற்றுக்கு நேர் எதிரே இருந்தது. ஹெரால்டு ஐயா சொன்னபடி அதிகாலை அனுமதிக்கு எழுதிக் கேட்கப்போகிறேன். ஒருவேளை அது கிடைக்காமல் பத்து மணிக்கு மேல்தான் உள்ளே விடுவார்கள் என்றால், வேப்பமர நிழலில் நிற்கும் கார்களை மட்டும் எடுத்தால் போதுமா? கைப்பேசியில் எடுத்த படங்களில் முன்சக்கரம் மட்டும் பூதாகரமாகத் தெரிவதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: பெரம்பூர் ஸ்டூடியோக்காரர்

வேப்பமர நிழலை நம்பாதீர்கள் சார். இலைகளின் இடுக்கில் விழும் வெயில் காரின் மேல் புள்ளிபுள்ளியாகச் சிதறும். அதைக் கணினியிலும் சரிசெய்ய முடியாது. கட்டடத்தின் நிழல் சீராக விழுந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் வெயிலிலேயே எடுங்கள். ஜனவரி மாதத்தில் சென்னையில் காலை 9 மணிக்கே சூரியன் ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்கு வந்துவிடும் என்றாலும், நண்பகலில்கூட 60 பாகையைத் தாண்டாது. சித்திரை வெயிலைப்போல் உச்சந்தலையில் இறங்குவதில்லை. காரின் முகப்பில் வெயில் விழ, பக்கவாட்டில் மெல்லிய நிழல் இருக்கும்படி முக்கால் கோணத்தில் நின்றால் பத்து மணிக்கு மேலும் நல்ல படம் கிடைக்கும். முழுக் காரை விட்டுவிட்டு, கிரில், பானட்டுச் சின்னம், ஸ்டீயரிங், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர் பிளேட் என்று துண்டுதுண்டாக எடுக்க அதுவே ஏற்ற நேரம். உரிமையாளருக்கு ஆட்சேபம் இல்லையா என்று கேட்டுக்கொண்டு நம்பர் பிளேட்டை எடுங்கள்.

கைப்பேசியின் முதன்மைக் கேமரா ஏறத்தாழ 24 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலக் கோணம் கொண்டது. கார் முழுவதையும் அடக்க நீங்கள் அருகில் போவதால்தான் சக்கரம் வீங்குகிறது. ஆறேழு அடி எடுத்து வைத்துப் பின்னால் போய், 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில், கைப்பேசியை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்கி எடுத்துப் பாருங்கள். நடுவில் ஆட்கள் குறுக்கிடுவார்கள். முக்காலி இருந்தால் ஒரே இடத்திலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடுமதிப்பை எடுக்கும் முறை) இணைத்தால் நடமாடுகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். செல்ஃபிக்காக அசையாமல் நிற்பவர் மட்டும் மறையமாட்டார், அவரிடம் வாய்விட்டுத்தான் கேட்கவேண்டும்.