காபிப் பழம் புளிக்க வைக்க எந்தப் பாத்திரம்? நீல டிரம்மில் முதல் முயற்சி கெட்டுவிட்டது

மஞ்சக்குட்டை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் அராபிகா இருக்கிறது. பறித்த பழத்தை அன்றைக்கே விற்றுவிடுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு கொஞ்சத்தை மட்டும் தோல் நீக்காமல், காற்றுப் புகாதபடி மூடிப் புளிக்க வைத்துக் காயப்போட ஆசைப்பட்டேன். சேலத்தில் 50 லிட்டர் பழைய நீல டிரம் ஒன்று கிடைத்தது. கழுவி, 30 கிலோ பழத்தை வாய்வரை நிரப்பி, இரும்பு வளையத்தைப் போட்டு இறுக்கினேன். இரண்டாம் நாள் மாலை மூடி வயிறு போல உப்பியிருந்தது. வளையத்தைத் தளர்த்தியதும் சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. கூடவே அழுகிய வெங்காய வாடை. காய்ந்து சருகான பிறகும் அந்த வாடை போகவில்லை. அம்மா ஒரு நாள் முழுவதும் பழுத்ததாகப் பார்த்துப் பறித்த பழம். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பெரியப்பா மகன் நியூசிலாந்தில் இருக்கிறார், வீட்டிலேயே பீர் தயாரிப்பவர். ஊருக்கு வந்தபோது தன் பழைய 30 லிட்டர் வெள்ளை வாளியையும் மூடியில் பொருத்தும் ஏர்லாக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். வாளியின் அடியில் குழாய் இருக்கிறது. இது காபிக்கு ஆகுமா? எவர்சில்வர் டிரம்தான் வாங்க வேண்டுமா? ஊறுகாய் ஜாடி போதாதா என்கிறார் அம்மா.

நாகலூர்:
தம்பி, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்றவரிடம் கேட்டீர்களா? நான் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். பிளாஸ்டிக் வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரசாயனம் வந்த டிரம்மாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் அதில் உணவுப் பொருளைப் போடக்கூடாது.

அடுத்தது, வாய்வரை நிரப்பியது. புளிக்கும்போது கரியமில வாயு வரும். அது வெளியேற வழியில்லாமல் இறுக்கி மூடியது ஆபத்து. மூடி தெறித்து முகத்தில் அடித்திருக்கும். ஏர்லாக் அதற்காகத்தான் இருக்கிறது. வளைந்த குழாயில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும். உள்ளே இருக்கும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. பாத்திரத்தில் கால் பங்கு காலியாக இருக்கட்டும். இல்லையென்றால் பழச்சாறும் நுரையும் பொங்கிக் குழாயை அடைத்துவிடும்.

ஊறுகாய் ஜாடி புளிப்பைத் தாங்கும், அம்மா சொல்வதில் தவறில்லை. ஆனால் அதன் மூடியில் ஏர்லாக் பொருத்த முடியாதே.

வெலிங்டன் (நியூசிலாந்து), சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை:
பீர் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். இங்கே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதும் இதே 30 லிட்டர் வாளிதான். 23 லிட்டர் ஊற்றினால் மேலே நுரைக்கு இடம் இருக்கும். கண்ணாடிக் குடுவை பார்க்க அழகு, கீறலும் விழாது. ஆனால் நிறைந்த குடுவை ஈரக் கையில் வழுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது உள்ளங்கையில் ஏழு தையல் இருக்கிறது. அதன் குறுகிய கழுத்து வழியாகக் காபிப் பழத்தை வெளியே எடுக்கவும் முடியாது.

வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா, உணவுக்கு ஏற்றது என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் கீறல் இருந்தால் பாக்டீரியா அதில் குடியிருக்கும். அந்த வாளி வேண்டாம். கம்பி நாரால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். பழைய பீர் வாளி என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: வெந்நீர் ஊற்றி ஓர் இரவு மூடி வைத்து, காலையில் மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாடை வந்தால் அது காபியிலும் வரும். மூடியின் ரப்பர் வளையத்தை எப்படியும் மாற்றிவிடுங்கள், வாடை அதிகம் தங்குவது அதில்தான். குழாயைக் கழற்றித் துளையை அடைத்துவிடுவது நல்லது. பீர் இறக்க அது தேவை. காபியில் சக்கை சிக்கி அழுகும் இடமாகிவிடும்.

நாகலூர்:
நல்ல யோசனை. எவர்சில்வர் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நான்கைந்து முறை சரியாக வந்த பிறகு 304 தரத்தில் வாங்குங்கள், ஆயுளுக்கும் உழைக்கும். பழத்தை முதலில் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அரித்து எடுத்துவிடுங்கள். வாளியை வெயில் படாத அறையில் வையுங்கள். நம் மலையின் டிசம்பர்க் குளிரில் மெதுவாகத்தான் புளிக்கும், சேலத்து வெக்கையில் நடக்கும் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். மணிக்கணக்கை மட்டும் நம்பாமல், புளிப்பை அளக்கும் பிஎச் தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4-க்குக் கீழே இறங்கவிடாமல் எடுத்துக் களத்தில் மெல்லிதாகப் பரப்பிவிடுங்கள்.

மஞ்சக்குட்டை:
டிரம்மைப் பற்றி விசாரித்தேன். ஏதோ சோப்பு எண்ணெய் வந்ததாம்; இனி அது தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்க மட்டும். வாளி வெந்நீர்ச் சோதனையில் தேறிவிட்டது, வாடையெல்லாம் பழைய ரப்பர் வளையத்தில்தான் இருந்தது. புது வளையம் போட்டு, மிதப்பு நீக்கிய 13 கிலோ பழத்துடன் நேற்று மாலை மூடினேன். இன்று விடியற்காலை அம்மாதான் முதலில் பார்த்தார். ஏர்லாக்கில் ஒரு குமிழி, பிறகு பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. அடுப்பங்கரைக்குப் போகாமல் அங்கேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.