கன்டெய்னர் சேஃப்டி, செக்யூரிட்டி லைன்ல வேலைக்குப் போகலாமா?

தூத்துக்குடி_மணி:
வணக்கம். பி.காம் முடிச்சிட்டு இங்க ஒரு சிஎஃப்எஸ்ல, அதாவது துறைமுகத்துக்குப் பக்கத்துல கன்டெய்னர் சரக்கு ஏத்தி இறக்குற கிடங்குல, ரெண்டு வருசமா டாலி பாக்கேன். பெட்டி வரும், சரக்க எண்ணணும், சீல் நம்பர் எழுதணும், அதான் வேலை. 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 பெட்டியோட முங்குச்சுல்லா, அதுல 12 பெட்டில கால்சியம் கார்பைடுன்னு படிச்சதுலேர்ந்து நம்ம எழுதுற பெட்டிக்குள்ள என்ன இருக்கு, யாரு அத பாக்காங்கன்னே ஓடிட்டு இருக்கு. இதுக்குன்னே தனியா வேலை இருக்கா? என்ன படிக்கணும்? அப்பா எம்பிஏ சேரச் சொல்லுதாங்க, ஒண்ணும் புரியல.

யார்டு_அண்ணாச்சி:
தம்பி நான் 22 வருசமா யார்டுல கெடக்கேன். வேலை இருக்கு, ஆனா எம்பிஏக்கு இப்ப அவசரம் இல்ல, டாலி புக்க வச்சுட்டு பெட்டிய பாக்க பழகு. கதவுல சிஎஸ்சி பிளேட் இருக்கும், பெட்டி பாதுகாப்பானதுன்னு சொல்ற தகடு, படிச்சிருக்கியா? புது பெட்டிக்கு அஞ்சு வருசத்துக்குள்ள மொத செக், அப்புறம் 30 மாசத்துக்கு ஒருக்கா, ஏசிஇபின்னு போட்டிருந்தா அடுத்த செக் தேதி இருக்காது, அது தொடர்ச்சியா செக் பண்ணிட்டே இருக்குற வேற முறை. காலி பெட்டி வந்தா உள்ள போயி கதவ சாத்திட்டு எங்கயாவது வெளிச்சம் வருதான்னு பாரு, கூரைல ஊசி ஓட்டை இருந்தாலும் தெரியும். வெளிய ஒருத்தர நிப்பாட்டாம மட்டும் உள்ள போயிராத.

இன்னொண்ணு, இத கண்டிப்பா கேளு. பூச்சிய கொல்ல விஷப்புகை போட்ட இம்போர்ட் பெட்டிய திறந்த உடனே ஆளுகள ஏத்தக்கூடாது. அந்தப் புகைக்கு போடுற மெத்தில் புரோமைடுக்கு வாசனையே இருக்காது. நான் வேலை பாத்த ஒரு எடத்துல காத்தோட்டம் விடாம அவசரத்துல ஏத்தி ரெண்டு லோடுமேன் மயங்கி விழுந்தாங்க, ஆஸ்பத்திரில ஒருத்தர் கண் முழிக்க ராத்திரி ஆச்சு. அவரு வீட்டம்மா வாசல்ல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுலயே நிக்கி. அன்னைக்கு கேஸ் மீட்டர் வச்சு பாருங்கன்னு சொல்ல அங்க ஒரு ஆள் இல்ல. நீ கேக்குற வேலை அதுதான்.

திருப்பூர்_கம்ப்ளையன்ஸ்:
நான் பனியன் எக்ஸ்போர்ட்ல செக்யூரிட்டி ஆடிட் பாக்கறனுங்க தம்பி. அமெரிக்கா பையர்னா சி-டிபாட் கேப்பாங்க, சரக்குல கடத்தல், தீவிரவாதம் நுழையாம பாக்க அமெரிக்க கஸ்டம்ஸ் 2001ல கொண்டு வந்த திட்டம். பெட்டிய ஏழு எடத்துல பாக்கணும், முன் சுவர், ரெண்டு பக்கம், தரை, கூரை, கதவு, அடிப்பாகம். நாப்பதடி பெட்டி உள்ள 12 மீட்டர் வரணும், டேப் வச்சு கொறஞ்சா முன்னால பொய் சுவர் இருக்குன்னு சந்தேகப்படணும். ஆனா ஒரு ஃபேக்டரில மூணு மாசத்து பெட்டி செக் ஃபார்ம் மொத்தமும் ஒரே பேனா ஒரே கையெழுத்துல, ஆடிட்டுக்கு மொத நாள் உக்காந்து எழுதிருக்காங்க. அதைய பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு, ஏன்னா உங்க ஊருலயே 2021ல மரக்கட்டை வந்த பெட்டிக்குள்ள 300 கிலோவுக்கு மேல கொக்கைன் புடிச்சாங்க.

போல்ட் சீல்ல ஹெச் எழுத்து இருக்கான்னு பாருங்க, ஐஎஸ்ஓ 17712 தரத்துல ஹை செக்யூரிட்டி சீல் அதுதான். பூட்டுனதும் நம்பர ஒத்துப் பாத்து, இழுத்து, முறுக்கிப் பாக்கணும். சீல் மட்டும் பத்தாதுங்க, கதவு ஹேண்டில் ரிவெட்ட கழட்டிட்டு சீல தொடாமயே திறந்துருவாங்க. ரிவெட்டு புதுசா மின்னுதா, புது பெயின்ட் அடிச்சிருக்கான்னு கண்ணு அங்க போகோணும்.

எண்ணூர்_டிஜி:
மணி, உங்க கேள்வி அபாயச் சரக்கு பக்கம் சாயுது, நானும் அதுலதான் இருக்கேன். கால்சியம் கார்பைடு 4.3 கிளாஸ், தண்ணி பட்டா தீப்பிடிக்குற அசிட்டிலின் வாயு வரும். இதெல்லாம் ஐஎம்டிஜி கோட்ல, அதாவது கப்பல்ல அபாயச் சரக்கு ஏத்துறதுக்கான சர்வதேச விதிகள்ல வரும், மத்திய அரசோட டிஜி ஷிப்பிங் அப்ரூவல் உள்ள இன்ஸ்டிடியூட்ல கோர்ஸ் பண்ணலாம். 2020ல பெய்ரூட் துறைமுகத்துல அமோனியம் நைட்ரேட் வெடிச்சதுக்கு அப்புறம் இங்க சென்னை மணலில 37 கன்டெய்னர்ல 2015லேர்ந்து கிடந்த அமோனியம் நைட்ரேட்ட ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்க, சுமார் 700 டன், பக்கத்துல குடியிருப்பு. அஞ்சு வருஷம் ஒரு பெட்டி ஏன் நிக்குதுன்னு கேக்குறதும் இந்த வேலைதான்.

அப்புறம் விஜிஎம், சரக்கோட சேர்த்து பெட்டியோட சரிபார்த்த மொத்த எடை. 2016 ஜூலை 1லேர்ந்து வெயிட் சொல்லாத பெட்டிய கப்பல்ல ஏத்தக்கூடாது. எடைமேடைல போடலாம், இல்ல சரக்கு, பேக்கிங், அடைப்புக்கட்டை, காலி பெட்டியோட எடை எல்லாம் கூட்டலாம். குத்துமதிப்பா எழுதுற ஷிப்பர் உண்டு, அந்த எடத்துல முடியாதுன்னு சொல்ற ஆளா இருங்க, மானேஜர் கோவிப்பார், பரவால்ல. வேலை எங்கன்னா கப்பல் கம்பெனியோட அபாயச் சரக்கு டெஸ்க், சர்வேயர் கம்பெனி, எக்ஸ்போர்ட்டரோட ஏஇஓ டீம் (கஸ்டம்ஸ் நம்பகமானவங்கன்னு குடுக்குற அங்கீகாரத்த பாக்குறவங்க).

தூத்துக்குடி_மணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு ஷிப்ட்ல காலி பெட்டி நாலுக்குள்ள போயி கதவ சாத்திப் பாத்தேன், ஒண்ணுல கூரை மூலைல வெளிச்சம் வந்துச்சு, ரிஜெக்ட்னு எழுதிக் குடுத்தேன், சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல. கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட வேலை பாக்குறதுக்கான ஜி கார்டு பரிச்சை மொதல்ல எழுதவா, ஐஎம்டிஜியா?

எண்ணூர்_டிஜி:
ஐஎம்டிஜி. அத முடிச்சிட்டு இங்கயே எழுதுங்க, எங்க அப்ளை பண்ணலாம்னு சொல்றேன்.