சூசொக் விடுமுறையில் கொரியாவுக்குள் பயணம்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முதலில் தேதி. 2026 சூசொக் (கொரிய அறுவடைத் திருநாள்) செப்டம்பர் 25, வெள்ளி. விடுமுறை 24, 25, 26. கடைசி நாள் சனிக்கிழமை என்பதால் திங்களன்று ஈட்டு விடுப்பு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சூசொக், சொல்லல் (கொரியப் புத்தாண்டு) இரண்டுக்கும் ஞாயிறு குறுக்கே வந்தால் ஈட்டு விடுப்பு உண்டு, சனிக்கு இல்லை.

கேடிஎக்ஸ் (அதிவேக ரயில்) டிக்கெட் மற்ற நாட்களில் ஒரு மாதம் முன்பு திறக்கும். பண்டிகைக்குத் தனிப் பக்கம், தனி நாட்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை நாட்கள் முடிந்ததும் தடம் வாரியாகத் திறப்பார்கள்: பூசான் பக்கம் ஒரு நாள், குவாங்ஜு, மொக்போ பக்கம் வேறொரு நாள். காலை 7 மணிக்கு உங்களுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் வரிசை காட்டும். பொறுமை இழந்து பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். உள்ளே போனபின் நேரம் நிமிடக் கணக்கில்தான். உறுப்பினர் எண், கடவுச்சொல், ரயில் எண், மாற்று ரயில் எண் எல்லாம் தாளில் எழுதிப் பக்கத்தில் இருக்கட்டும். எடுத்த டிக்கெட்டுக்குக் கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் ரத்து. கிடைக்காதவர்களுக்கு அதுவே வாய்ப்பு: கெடு முடிந்த நேரத்திலும் பயணத்துக்கு முந்தைய நாளிலும் இடங்கள் திரும்பி வரும்.

———

அண்ணா, ரயிலுக்கு முன்னால் நம்மவர்களைக் கவிழ்ப்பது பெயர்தான்!

கொரியாவில் பெரும்பாலான செயலிகள் கைப்பேசி எண் வழியாக ஆளைச் சரிபார்க்கும். தொலைபேசி நிறுவனத்தில் பதிவான பெயரும் நீங்கள் அடிக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒத்துப்போக வேண்டும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், நம் பெயர் இன்னொன்றில். சிலருக்கு ஒரு கட்டம் காலி. குடியேற்ற அட்டையில் ஒரு வரிசை, வங்கியில் வேறு வரிசை, சிம் விற்றவர் அவசரத்தில் ஒட்டி அடித்தது மூன்றாவது. அப்புறம் 'தகவல் பொருந்தவில்லை' என்றுதான் வரும்.

மருந்து ஒன்றே. குடியேற்ற அட்டையை எடுத்துக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய், அட்டையில் இருப்பது போலவே, பெரிய எழுத்தில், இடைவெளியோடு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து வங்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வங்கிச் செயலியும் கைப்பேசிப் பதிவைத்தான் கேட்கும். நண்பர் பெயரில் வாங்கிய சிம் இதற்கு உதவாது. முன்பதிவு நாளன்று காலையில் இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

———

ரயில் போச்சா? பஸ் இருக்கிறது. சியோலின் கங்னம் பஸ் முனையம் ஒரே கட்டடம் இல்லை. பூசான், தேகு போகும் பஸ்கள் கியோங்பு பக்கம். குவாங்ஜு, மொக்போ, ஜொஞ்சு எல்லாம் சென்ட்ரல் சிட்டி பக்கம். மாறிப் போய்விட்டால் கூட்டத்தில் நீந்திக் கடக்கவே கால் மணி ஆகும். கியோங்பு நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கென்று தனித் தடம் உண்டு. பண்டிகை நாட்களில் அது இரவு 1 மணி வரை நீளும். கார் நெரிசலில் நிற்கும்போது பஸ் ஓரளவு நகர்வது அதனால்தான். காரில் போகிறவர்களுக்குச் சுங்கம் இலவசம் என்றாலும் ஹைபாஸ் (தானியங்கிச் சுங்கக் கட்டண) கருவியை அணைக்காதீர்கள், கருவி இல்லாதவர்கள் சீட்டு எடுக்க மறக்காதீர்கள்.

பஸ்ஸில் கழிப்பறை இல்லை. ஓய்வு நிலையத்தில் 15 நிமிடம்தான் நிறுத்துவார்கள். ஒரே நிறத்தில் வரிசையாக பஸ்கள் நிற்கும்; இறங்கும் முன் வண்டி எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள்.

———

அந்த 15 நிமிடத்தில் சைவர்கள் என்ன சாப்பிடுவது? உடோன் (தடித்த நூடுல்ஸ்) சூப் மீன் சாறு. 'ஹாட்பார்' என்று குச்சியில் செருகியிருப்பது அரைத்த மீன். வெண்ணெயில் புரட்டிய குட்டி உருளைக்கிழங்கு, அல்கம்ஜா, தைரியமாக வாங்கலாம். வால்நட் வடிவில் சிவப்புப் பயறு பூரணம் வைத்த ஹோது க்வாஜாவும் நல்லது, மாவில் முட்டை இருக்கும். பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) என்றால் 'கோகி பெஜுசெயோ' சொன்னால் இறைச்சி போடமாட்டார்கள். கிம்ச்சியில் மட்டும் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் மீன் சாறோ உப்பு இறாலோ கலந்திருக்கும்.

———

சியோலிலேயே இருக்கிறவர்களுக்கு நாலு வரி. குப்பை வண்டி சில நாள் வராது. உங்கள் கு (நகர வட்டார) அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வெளியே வையுங்கள், மீன் எலும்பு, முட்டை ஓடு, வெங்காயச் சருகு உணவுக் கழிவில் சேராது. டிமணி (பஸ், மெட்ரோ கட்டண) அட்டையில் பணம் ஏற்ற கடையில் ரொக்கம்தான் கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். காய்ச்சல் மாத்திரை 24 மணி நேரக் கடைகளில் கிடைக்கும், ஒரு முறைக்கு ஒரு பெட்டி. எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று 129 (சுகாதார உதவி எண்) அல்லது 119-இல் (அவசர எண்) கேட்கலாம். கொரிய மொழி வராவிட்டால் சுற்றுலா உதவி எண் 1330-ஐ அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசுவார்கள்.