ஆன்லைன் பேண்டஸி ரெஸ்லிங் லீக் எப்படி ஆரம்பிச்சது? ஜெயிக்கறது யாருன்னு யார் முடிவு பண்றது?

பாலக்கோட்டு பரிசல்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாலக்கோடு, மாரண்டஅள்ளி, தர்மபுரி டவுன் பசங்க ஒரு கும்பல், எல்லாருக்கும் ரெஸ்லிங் பைத்தியம். லாக்டவுன்ல பொழுது போகாம வாட்ஸப்ல ஒண்ணு ஆரம்பிச்சோம். ஆளுக்கு ஒரு ரெஸ்லர நாமளே உருவாக்கணும், பேரு, மாஸ்க், என்ட்ரி பாட்டு, பினிஷிங் மூவ் எல்லாம் நம்ம இஷ்டம், எதிராளிய கலாய்ச்சு ஒரு ப்ரோமோ டைப் பண்ணி போடணும், ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒருத்தன் உக்காந்து எல்லா மேட்சையும் கதையா எழுதி ரிசல்ட் போடுவான். என் கேரக்டர் ஒகேனக்கல் பரிசல்காரன், பினிஷர் பேரு 'சுழி', எதிராளிய தோள்ல தூக்கி சுத்தி அடிக்கறது.

செம்மயா போய்ட்டு இருந்துச்சு. இப்ப என்ன பிரச்சனன்னா, ரிசல்ட் எழுதறவனுக்கும் ஒரு கேரக்டர் இருக்கு, பொங்கல்ல இருந்து பெல்ட்டு அவன் இடுப்புலதான் இருக்கு, எவன் எப்பேர்ப்பட்ட ப்ரோமோ போட்டாலும் கடைசில அவனே ஜெயிக்கறான். கேட்டா "கதைக்கு அதுதாண்டா தேவை"ன்றான். பாதி பேர் ப்ரோமோ போடறதையே நிறுத்திட்டாங்க.

இந்த மாதிரி லீக் வெளிநாட்டுல ரொம்ப வருஷமா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. நெஜமாவா? எப்படி ஆரம்பிச்சது, இந்த பஞ்சாயத்த அவங்க எப்படி தீர்த்தாங்க? ட்ரீம் லெவன் மாதிரி பாயிண்ட் சிஸ்டம் வெச்சா ஒத்து வருமா?

ஓசூர்க்காரன்

தம்பி, முதல்ல ட்ரீம் லெவன் கூட இத போட்டு குழப்பிக்காதீங்க. அது வேற வம்சம். 1980ல நியூயார்க்ல டேனியல் ஓக்ரென்ட்னு ஒரு எழுத்தாளரும் அவர் கூட்டாளிங்களும் பேஸ்பாலுக்கு ஒரு ஆட்டம் ஆரம்பிச்சாங்க, நெஜ பிளேயர்ஸ ஏலம் எடுத்து டீம் கட்டி, அவங்க நெஜத்துல ஆடற ஆட்டத்த வெச்சு பாயிண்ட் போடறது. ட்ரீம் லெவன் அந்த வழியில வந்தது. ரெஸ்லிங்குக்கும் அப்படி சில பேர் ஆடறாங்க, வாராவாரம் ரா, ஸ்மாக்டவுன்ற டிவி ரெஸ்லிங் ஷோவுல யார் ஜெயிச்சாங்கன்னு பாத்து பாயிண்ட் போட்டுக்குவாங்க. ஆனா அங்க ரிசல்ட்டே எழுதி வெச்சது, அப்ப நீங்க பந்தயம் கட்டறது எழுதறவன் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னுதான்.

நீங்க ஆடறதுக்கு ஈ-பெட்னு பேரு, பெடரேஷன்றத சுருக்கி வெச்சுக்கிட்டாங்க. அது நெட்டுக்கு முன்னாடியே இருக்கு. 80கள்ல அமெரிக்காவுல தபால்ல ஆடினாங்க. லீக் நடத்தறவருக்கு ஒரு சின்ன தொகை கட்டிடணும், நம்ம ரெஸ்லரோட விவரம், இந்த தடவ எதிராளிய எப்படி அடிக்கப் போறான்ற பிளான் எல்லாம் எழுதி போஸ்ட் பண்ணணும், அவரு எல்லார் கடுதாசியும் பிரிச்சு வெச்சுக்கிட்டு ரிசல்ட் போட்டு, டைப் அடிச்சு காப்பி எடுத்து எல்லாருக்கும் அனுப்புவாரு. உங்க மேட்ச்ல தோத்தது உங்களுக்கே தெரிய வாரக்கணக்கா ஆகும். அதே காலத்துல 1986ல டாம் பில்சிங்கர்னு ஒருத்தர் 'சாம்பியன்ஸ் ஆப் த கேலக்ஸி'ன்னு கார்டு கேம் கொண்டு வந்தாரு, கதை நடக்கறது 2087ல, வேற்றுக்கிரக ரெஸ்லருங்க எல்லாம் வருவாங்க, ஜெயிப்பு தோல்விய தாயக்கட்டைதான் முடிவு பண்ணும். நம்ம ஊர்ல ஸ்கூல் பெஞ்சுக்கு அடியில ரெஸ்லிங் கார்டு வெச்சு ஹைட்டு, வெயிட்டு, செஸ்ட்டு, பைசெப்ஸ்னு ஆடுவோமே, அந்த பசங்க கைல இது கெடச்சிருந்தா எவனும் பத்தாவது பாஸ் பண்ணிருக்க மாட்டான்.

அப்புறம் 90கள்ல ப்ராடிஜி, ஏஓஎல்னு ஆன்லைன் சர்வீஸ் வந்துச்சு, யூஸ்நெட்னு பழைய நெட் அரட்டை குரூப்புங்க இருந்துச்சு, அதுல ரெஸ்லிங் குரூப்புக்கு பக்கத்துலயே பேண்டஸிக்குன்னு தனியா ஒரு குரூப்பு வந்துச்சு. இங்கதான் ஆட்டமே மாறிப்போச்சுன்னு நான் சொல்லுவேன். தபால்ல எழுதறதுக்கு காசு, நேரம் எல்லாம் செலவு, அதனால நம்பரு, பிளானு, தாயம்னு சுருக்கமா முடிஞ்சுது. நெட்ல எவ்ளோ வேணா டைப் பண்ணலாம், ஓசி. அதனால வாய்தான் ஆயுதம் ஆயிடுச்சு. ரோல்ப்ளே, அதாவது நீங்க சொல்ற ப்ரோமோ, யாரு நல்லா எழுதறானோ அவனுக்கு மேட்சுன்னு ஆச்சு. டிவிலயும் அதுக்கு தோதான நேரம். 1995ல இருந்து 2001 வரைக்கும் டபிள்யூடபிள்யூஎஃப் (இப்ப டபிள்யூடபிள்யூஈ), டபிள்யூசிடபிள்யூன்ற ரெண்டு ரெஸ்லிங் கம்பெனியும் திங்கக்கிழம ராத்திரி டிவில மோதிக்கிட்டாங்க, ஸ்டார் ரெஸ்லருங்க ஆஸ்டினும் ராக்கும் மைக்க புடிச்சா அடியவிட பேச்சுக்குதான் கைதட்டு. பாத்தவன் எல்லாம் ஜியோசிட்டீஸ்ல ஓசில ஒரு பக்கம் தொறந்து, ஒரு பெல்ட் படத்த ஒட்டி, நானும் ப்ரமோட்டர்னு உக்காந்துட்டான்.

அங்க இருந்து மூணு விதமா பிரிஞ்சுது. ஒண்ணு, ரோல்ப்ளே வெச்சு ஜட்ஜ் முடிவு பண்றது. இன்னொண்ணு, ஸ்ட்ராட்டஜி, மூவ்ஸ் லிஸ்டும் பிளானும் குடுத்தா கணக்கோ சாப்ட்வேரோ முடிவு சொல்லும். மூணாவது ஆங்கிள் லீக், எல்லாரும் முன்னாடியே பேசி வெச்சு யாரு தோக்கறதுன்னு ஒத்துக்கிட்டு கதைய மட்டும் சேர்ந்து எழுதறது. பெரிய பெரிய சண்டை வந்தது முதல் வகையிலதான். ஜட்ஜே சாம்பியன், அதே உங்க கேஸுதான். தபால் காலத்துலயே இந்த புகார் இருந்திருக்கும், என்ன, திட்டணும்னாகூட ஸ்டாம்ப் ஒட்டணும்.

நான் 2000க்கு அப்புறம் ஓசூர்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஒரு அமெரிக்கா லீக்ல ஆடியிருக்கேன். அவங்களுக்கு ஞாயிறு நள்ளிரவு கடைசி நேரம்னா நமக்கு திங்கக்கிழம காலைல ஒம்பதரை, பத்தரை. சிப்காட்ல பஸ்ட் ஷிப்ட்டு போறவனுக்கு அது ஆவாத காரியம், அதனால மொத நாளே எழுதி போட்டுடுவேன், எதிராளி அத நிதானமா படிச்சுட்டு கடைசி நிமிஷத்துல பதில் எழுதுவான். யாரு ஜெயிப்பான் நீங்களே சொல்லுங்க. அந்த லீக்கு ஒரு பெரிய சண்டையில ஒடஞ்சுது. 2009ல யாஹூ ஜியோசிட்டீஸயே மூடிட்டாங்க, அதோட அந்த மாதிரி எத்தனையோ லீக்கோட பக்கங்க போய்ச் சேந்துடுச்சு.

காவேரிப்பட்டணம் மல்கோவா

ஓசூர் அண்ணன் ஒரு கிளைய விட்டுட்டாரு. எல்லாரும் எழுத்துலயே இருக்கல. ஆடம் ரைலண்ட்னு ஒரு பிரிட்டிஷ்காரர் 90கள்லயே 'எக்ஸ்ட்ரீம் வார்பேர்'னு ஒரு கம்ப்யூட்டர் கேம் செஞ்சாரு, 2002ல அதோட 'ரிவெஞ்ச்' வெர்ஷன் ஓசியா வந்துச்சு, அப்புறம் 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்'. அதுல சண்டையே போட முடியாது, நீங்க முதலாளி, யாருக்கு எவ்ளோ சம்பளம், யாரு யார ஜெயிக்கணும், எந்த டவுன்ல ஷோ, டிக்கெட் எவ்ளோ வித்துது, பூரா எழுத்தும் நம்பரும்தான். பாக்க எக்ஸெல் ஷீட் மாதிரி இருக்கும், உக்காந்தா விடியறது தெரியாது. அத ஆடி ஆடி அந்த கதைய டைரி மாதிரி எழுதி போடறவங்க இன்னிக்கும் இருக்காங்க.

அப்புறம் பிஎஸ் டூல வந்த ரெஸ்லிங் கேம், 'ஹியர் கம்ஸ் த பெயின்', 2003. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துல கேம் கடையில மணிக்கணக்குக்கு காசு குடுத்து ஆடுன ஆளுங்களுக்கு நான் சொல்றது தெரியும். அதுல சொந்தமா ஆள் செய்யலாம், செஞ்சுட்டு ரெண்டு பக்கமும் கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுட்டு வேடிக்க பாக்கலாம். யூட்யூப் வந்தப்புறம் அத அப்படியே ரெக்கார்ட் பண்ணி, கமென்ட்ரி சேர்த்து, பெல்ட், பிபிவின்ற பெரிய ஸ்பெஷல் ஷோ எல்லாம் வெச்சு லீக் நடத்த ஆரம்பிச்சாங்க, சிஏடபிள்யூ (கிரியேட் எ ரெஸ்லர்) லீக்னு சொல்லுவாங்க. பஞ்சாயத்தே கெடையாது, கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதான். எங்க செட்லயும் டபிள்யூடபிள்யூஈ டூகே கேம்ல நடத்தினோம். ஆனா ஒரு கொடும, மூணு மாசம் பகைய ஊதி ஊதி வளத்து கொண்டு வருவோம், மெயின் மேட்ச்ல ரோல் அப்புல, அதாவது சட்டுனு சுருட்டி அமுக்கி, ஒரு நிமிஷத்துல முடிச்சுடும் அந்த கம்ப்யூட்டர். கதைன்னா அதுக்கு என்ன தெரியும்.

காரிமங்கலம் சந்தை

பொய் சண்டை. அத காப்பியடிச்சு ஒரு பொய் லீக்கு. அதுல ஊழல்னு வேற ஒரு கம்ப்ளைன்ட்டு. வேற வேலை இல்லையாப்பா உங்களுக்கு 😂

பென்னாகரம் கட்டியக்காரன்

சந்தை அண்ணே, பொய்யின்னு அவங்களே சொல்லிட்டாங்களே. 1989ல நியூஜெர்சி செனட்ல, இது போட்டி கெடையாது, பொழுதுபோக்குன்னு டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியே ஒத்துக்கிச்சு, ஸ்போர்ட்ஸ் கமிஷன் கட்டுப்பாடு, வரி எல்லாத்துலயும் தப்பிக்க. அதுக்கப்புறம் கூட்டம் கொறைஞ்சுதா? எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடக்கும், படுகளத்தன்னிக்கு துரியோதனன மண்ணுல அவ்ளோ பெருசா செஞ்சு வெச்சிருப்பாங்க, பீமன் வந்து தொடைல அடிக்கப் போறான்றது பொறந்த கொழந்தைக்கும் தெரியும், ஆனா அந்த அடி விழற வரைக்கும் ஒரு சனம் எழுந்து போகாது. நானே துரியோதனன் வேஷம் கட்டறவர் கூட பின்பாட்டு பாடியிருக்கேன். யாரு ஜெயிக்கறான்றது மேட்டரே இல்ல, தோக்கறவன் எவ்ளோ கெத்தா தோக்கறான்றதுதான். உங்க ரிசல்ட் எழுதற பையன் தோக்கவே மாட்டேன்றானே, அங்கதான் அடிபடுது.

காரிமங்கலம் சந்தை

கூத்தாடி கூடவா இத சேக்கறது, சரி விடுங்க. கூத்துன்னதும் வாய மூடிக்கறேன்.

பாலக்கோட்டு பரிசல்

அண்ணன்களா இவ்ளோ இருக்குன்னு தெரியாம போச்சே. தபால் மேட்டரெல்லாம் எங்க குரூப்ல பார்வேர்ட் பண்ணிட்டேன். சரி இப்ப நான் என்ன செய்யட்டும்? அவன தூக்கிட்டு வேற ஆள போடலாம்னா, உண்மைய சொல்லணும்னா அவன் அளவுக்கு மேட்ச் எழுத எங்கள்ல எவனுக்கும் வராது. கமென்ட்ரிய அப்படியே சோனி டென் தமிழ் கமென்ட்ரி மாதிரி எழுதுவான், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்.

ஓசூர்க்காரன்

அப்ப அவன தூக்காதீங்க, அந்த மாதிரி எழுதறவன் கெடைக்கறது கஷ்டம். வேலைய பிரிச்சு விடுங்க. எழுதறது அவன், முடிவு பண்றது வேற ஆளு. அந்த வார மேட்ச்ல இல்லாத ரெண்டு பேரு தனித்தனியா ப்ரோமோவ படிச்சுட்டு யாருன்னு சொல்லணும், ஒத்துப் போகலன்னா மூணாவது ஆளு. ப்ரோமோவுக்கு ஒரு அளவு வைங்க, எங்க லீக்ல அளவே இல்லாம விட்டதுல ஒருத்தன் நாவல் மாதிரி எழுதி போடுவான், ஜட்ஜு படிக்காமலே பயந்து ஓட்டு போட்டுடுவான். ரெண்டு பேரும் கடைசி நேரத்துக்கு முன்னாடி ஜட்ஜுக்கு தனியா அனுப்பணும், குரூப்ல அப்புறம் ஒண்ணா போடணும், இல்லன்னா நான் பட்ட பாடுதான். தோத்தவனுக்கு ஒரு சலுகை குடுங்க, எப்படி தோத்தேன்றத அவனே சொல்லலாம், வெளிய இருந்து எவனோ காலப் புடிச்சு இழுத்தான், ரெஃப்ரி பாக்கல, இப்படி. இது ஒண்ணு குடுத்தாலே பாதி பேரு சண்டை போடாம தோப்பாங்க.

பெல்ட்டு விஷயத்துக்கு வரேன். 1997 நவம்பர் 9 மான்ட்ரியல்ல டபிள்யூடபிள்யூஎஃப் ஷோவுல, அப்ப சாம்பியனா இருந்த பிரெட் ஹார்ட்டுக்கு தெரியாமலே ரிசல்ட்ட மாத்தி, அவரு சரண்டரே ஆகாம மணி அடிக்க சொல்லி, பெல்ட்ட ஷான் மைக்கேல்ஸுக்கு குடுத்தாங்க. ஜனத்துக்கு செம கோவம், முதலாளி வின்ஸ் மக்மேன் மேல. அந்தாளு என்ன பண்ணாரு, அந்த கோவத்த அப்படியே டிவிக்குள்ள கொண்டு வந்து, 'மிஸ்டர் மக்மேன்'னு தானே வில்லனா எறங்கிட்டாரு. ஆஸ்டினுக்கும் அவருக்கும் நடந்த பகைதான் அந்த கம்பெனிய தூக்கி நிறுத்துன கதைகள்ல முக்கியமானது.

உங்க பையன் ஏற்கெனவே உங்க எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறான் இல்ல, அத வீணாக்காதீங்க. குரூப்ல பொலம்பறத நிறுத்திட்டு ப்ரோமோவுல பொலம்புங்க. ஊழல் கமிஷனர், தனக்குத்தானே பெல்ட் எழுதிக்கறவன், அவனையே அந்த கேரக்டரா ஆக்குங்க.

காவேரிப்பட்டணம் மல்கோவா

அய்யோ இது வேற லெவல். எங்க செட்ட விட்டுட்டு உங்க லீக்குக்கே வந்துடலாம் போல.

பாலக்கோட்டு பரிசல்

ண்ணா அவன்கிட்ட சொல்லிட்டேன், குதிக்கறான். ஜட்ஜ் மேட்டருக்கும் ஒத்துக்கிட்டான், ஒரே கண்டிஷன், கமிஷனர் வேட்டி துண்டோட டோல்கேட்ல காசு கட்டாம வர்ற மாதிரி என்ட்ரி வேணுமாம். ஒரு டவுட்டு, பெல்ட்ட எப்ப புடுங்கறது? பசங்க இந்த வாரமேன்றானுங்க.

ஓசூர்க்காரன்

இந்த வாரம் புடுங்கினா அடுத்த வாரம் என்ன எழுதுவீங்க? ஆஸ்டின் மக்மேன் கதை ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, நடுவுல முப்பது பேர் மோதற 1999 ராயல் ரம்பிள் மேட்ச மக்மேனே ஜெயிச்சாரு, ஜனம் வயிறெரிஞ்சுக்கிட்டே பாத்துச்சு. உங்க கமிஷனரும் இன்னும் ரெண்டு மூணு மேட்ச் திருட்டுத்தனமா ஜெயிக்கட்டும். பெல்ட் புடுங்கற மேட்ச நம்ம பக்கம் எருது விடற சீசன்ல வெச்சுக்கோங்க, பரிசல்காரனுக்கும் அவனுக்கும். அதுக்குள்ள அந்த 'சுழி'ய இன்னும் நாலு பேர் மேல போட்டு பழகிக்கோங்க.