சீரியலில் பார்த்த பாரிஸ், லண்டன், டெல்லி: நேரில் போய் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

முத்தியால்பேட்டைப் பெண்:
ரெண்டு வருஷமாக மண்டைக்குள் ஓடுகிறது, எழுதித் தொலைத்துவிடலாம் என்று வந்தேன். 'எமிலி இன் பாரிஸ்' பார்த்திருப்பீர்கள், அமெரிக்கப் பெண் எமிலி பாரிஸுக்கு வேலைக்கு வரும் தொடர், அதற்குமேல் கதை சொல்லப் போவதில்லை. என் அத்தை சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டு 1989-ல் பிரான்ஸ் போனவர். அவர் மகள் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு நாள் மிச்சமிருந்தது. எமிலி வீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் அடம்பிடித்து, முட்டிவலியோடு இருந்த அத்தையை இழுத்துக்கொண்டு போனேன். பாந்தெயோனுக்குப் பின்னால் லெஸ்த்ரபாத் என்று ஒரு குட்டிச் சதுக்கம், நடுவில் நீரூற்று, எதிரில் அந்தக் கதவு. கதவு முன்னால் போட்டோவுக்கு வரிசை. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, "எந்த மாடிடி அவ வீடு?" என்றார். "அஞ்சாவது அத்தை, முதல் எபிசோடிலேயே வீட்டுத் தரகர் ஷாம்ப்ர் த பொன் என்று சொல்லுவார்" என்றேன். வேலைக்காரிக்கு என்று கூரைக்குக் கீழே கட்டிவிடும் அறைதான் அது, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்தார். "அதுலயா அவ்ளோ பெரிய கட்டில் போட்டிருந்தா? என் ரூம்ல கட்டிலை நிமித்தி வெச்சாத்தான் கதவு திறக்கும். கக்கூஸ் நடைக்கோடில, ஆறு ரூமுக்கு ஒண்ணு."

அத்தை எங்களுக்கு எப்போதும் 'பாரிஸ் அத்தை'. சென்ட், சாக்லேட், விமானத்தில் கொடுத்த சின்ன ஸ்பூன். யார் வீட்டு மாடியில், எத்தனை வருஷம், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் போனை அவர் கையில் கொடுத்து, "ஒரு போட்டோ எடுங்க அத்தை" என்றேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார். இன்றுவரை எங்கேயும் போடவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா, என் கதை காமெடி மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. நான் பிபிசி 'ஷெர்லாக்' பைத்தியம். லண்டனுக்கு ஆறு மாதம் ஆபீஸ் வேலையாகப் போனபோது முதல் சனிக்கிழமையே பேக்கர் தெருவுக்கு ஓடினேன். அங்கே இருப்பது மியூசியம். சீரியலில் ஷெர்லாக் குடியிருக்கும் பேக்கர் தெரு 221பி-யின் வாசல் யூஸ்டன் பக்கம் நார்த் கோவர் தெருவில், உண்மையான எண் 187, பக்கத்தில் அந்த ஸ்பீடீஸ் காபிக்கடை நிஜமாகவே இருக்கிறது. வீட்டின் உட்புறம் லண்டனே கிடையாது, வேல்ஸில் போட்ட செட். இதெல்லாம் தெரிந்தும், கதவைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. முதுகில் பெரிய பை, மேலே மழைக்கோட்டு, கையில் போன், செல்ஃபிக்குக் கதவோடு ஒட்டி நிற்கிறேன், கதவு திறந்து ஒரு ஆள் குப்பைப் பையோடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "பார்சலா?" என்றார்.

இல்லை, நான் ஷெர்லாக் பார்க்க வந்தவன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாயில் வந்தது, "சாரி, அட்ரஸ் மாறிப்போச்சு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன், டெலிவரி பையனாகவே. பத்தடி போனால் டிரம்மண்ட் தெரு, வரிசையாக நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகள், எண்ணெயில் கடுகு வெடிக்கும் வாசனை. உள்ளே போய் மசால் தோசை சாப்பிட்டேன். தோசை சுமார்தான்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார்:
முதலில் ஒரு திருத்தம். பிரெஞ்சுக்காரர்களுக்குத் தரைத்தளம் கணக்கில் வராது, அதற்கு ரெ த் ஷோசே என்று தனிப் பெயர். அவர்களுடைய அஞ்சாவது, அமெரிக்கப் பெண்ணுக்கு ஆறாவது. அது புரியாமல்தான் எமிலி கீழ்வீட்டு சமையல்காரப் பையன் கதவில் போய்ச் சாவியைத் திருகுகிறாள், கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தத் தரகர் அஞ்சு என்றால் நீங்கள் ஆறு என்று எண்ணியிருக்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது அங்கே ஒரு அறையை வாடகைக்கு விட வேண்டுமென்றால் குறைந்தது 9 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று சட்டம். அத்தை சொன்னது அதைவிடச் சின்னதாக இருந்திருக்கும்.

மூன்றாவது, சீரியல் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு. லூவ்ர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை. யாராவது பெண்கள் ஒரு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் நிற்காதீர்கள், ஒருத்தி கையெழுத்து வாங்குவாள், இன்னொருத்தி பர்ஸ் வாங்குவாள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ழூர்" சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர்கள் முகம் தூக்கிக்கொள்வார்கள். 'லுப்பேன்' போன்ற பிரெஞ்சுத் தொடர்களை ஆங்கில டப்பிங்கில் பார்ப்பது பாவம். பிரெஞ்சு ஒலி, பிரெஞ்சு சப்டைட்டில், ஒரு எபிசோடை மூன்று தடவை. முதல் தடவை புரியாது, கவலைப்படாதீர்கள். என் மாணவர்கள் பலர் இப்படித்தான் தேறினார்கள்.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. 1994-ல் ஒரு முறை போனேன். மழை.

லாஸ்பேட்டை அக்கா:
சார், அந்தப் பெண் மாடி எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை.

என்னுடையது டெல்லி. 2011 முதல் 2013 வரை அங்கே படித்தேன். 'டெல்லி கிரைம்' 2019-ல் வந்தபோது வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன், தப்பு என்னுடையதுதான். முழுக்கப் போலீஸ் பக்கம் நின்று எடுத்த தொடர் என்று எனக்கு இப்போதும் மனத்தாங்கல் உண்டு, ஆனால் அந்தப் பனிமூட்டமும், மஞ்சள் விளக்கும், அந்த வெள்ளைப் பஸ்ஸைத் தேடி அலைவதும் அப்படியே அந்த 2012 டிசம்பர். அம்மா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "நீ எந்த ஸ்டாப்புல ஏறுவ?"

நிர்பயாவும் நண்பரும் அந்தப் பஸ்ஸில் ஏறியது முனிர்க்கா ஸ்டாப். நான் தினமும் ஏறி இறங்கியதும் அதுதான், எட்டரை ஒன்பது மணிக்குக்கூட. "அது ஊருக்கு வேற பக்கம்மா" என்றேன். அம்மா தலையாட்டிவிட்டுத் திரும்ப ஓடவிட்டார். அடுத்த எபிசோடு பார்க்கவில்லை, தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விட்டார். நம்பினாரா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

குருசுக்குப்பம் பையன்:
வாத்தியார் சார், கோபிக்காதீர்கள், சீரியல் பார்த்துப் பிரெஞ்சு கத்துக்கச் சொன்னீர்களே, அதுதான் என் பிரச்சினையே. நான் போனது இல்லை, பாரிஸ் இங்கே வந்தது. போன ஜனவரி, புதுச்சேரி துய்மா வீதியில் ஒரு பிரெஞ்சு ஜோடி போட்டோ எடுத்துத் தரச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் பிரெஞ்சிலேயே பதில் சொன்னேன், வெளிச்சம் எதிரே இருக்கிறது, இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று. அந்தம்மா கண்ணை விரித்து, "அட, எங்கே கத்துக்கிட்டீங்க, லுப்பேன் பார்த்தா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார், அதுதான் கடுப்பு. எங்கள் தாத்தா, புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962-ல் அமலானபோது தந்த ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர், என் பாஸ்போர்ட்டும் அவர்கள் பாஸ்போர்ட்டும் ஒரே நிறம். சொன்னேனா? இல்லை. "ஆமாம், நல்ல சீரியல்" என்றேன்.

லுப்பேன் முதல் எபிசோடில் நாயகன் லூவ்ரில் ராத்திரி துடைக்கிற ஆளாக வருவான், அப்புறம் கோட்டு சூட்டில் ஏலத்துக்கு வருவான், ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. விளம்பரத்துக்காக, நாயகனாக நடித்த ஒமர் சி மெட்ரோவில் தொழிலாளி உடுப்பில் தன் போஸ்டரைத் தானே ஒட்டினார், கூட்டம் பாட்டுக்குக் கடந்து போனது. ஆனால் மஞ்சக்குப்பத்தண்ணே, உங்கள் ஆள் அப்படி நினைத்துக் கேட்டிருக்க மாட்டார். பை, மழைக்கோட்டு, கதவோடு ஒட்டி நிற்பது, யாராக இருந்தாலும் பார்சலா என்றுதான் கேட்பார்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
தம்பி, எனக்கு முன்னால் அதே வாசலில் அதே மாதிரிப் பையோடு ரெண்டு வெள்ளைக்காரப் பசங்கள் நின்றார்கள். அந்த ஆள் அப்போதும் ஒரு தடவை கதவைத் திறந்தார். அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். வேண்டுமென்றுதான் இதை முதலில் எழுதவில்லை.

குருசுக்குப்பம் பையன்:
சரிண்ணே. வாபஸ்.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார்:
ஏலத்துக்கு வரும்போது அவன் வைத்துக்கொள்ளும் பெயர் போல் செர்னின். மூல லுப்பேன் கதைகளிலும் திருடன் லுப்பேன் போட்டுக்கொண்ட பெயர்களில் அது ஒன்று. தெரிந்தால் நல்லது என்று சொல்கிறேன்.

லாஸ்பேட்டை அக்கா:
முத்தியால்பேட்டைம்மா, அத்தை அந்தச் சீரியலைப் பார்த்தாரா?

முத்தியால்பேட்டைப் பெண்:
பார்க்கிறார் அக்கா. நான் ஊர் திரும்பிய பிறகு மகளிடம் கேட்டு டிவியில் போட்டுக்கொண்டாராம். நாலாவது சீசனில் எமிலி ரோமுக்குக் கிளம்பியதும் கதை பிடிக்கவில்லை, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார், பின்னால் குக்கர் விசில்: "ஏண்டி, அந்த உயர ஹீல்ஸைப் போட்டுக்கிட்டு அத்தனை மாடி ஏறுறா, ஒரு தடவைகூட நடுவுல நின்னு மூச்சு வாங்கலியே. நாங்க மூணாவது மாடி சன்னல்ல உக்காந்துடுவோம்."

நாங்கள் என்றால் யார் அத்தை என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது.