லொக்ரொனான் போறவங்க கவனத்துக்கு

குழு: பிரெத்தாஞ் சொந்தங்கள் (பிரெத்தாஞ்: பிரான்ஸோட மேற்குப் பகுதி)

செல்வி: மாமா, ஞாயித்துக்கிழமை லொக்ரொனான் ஊர் பர்தோனுக்கு, அதான் புனிதர் திருவிழாப் பவனிக்கு, 7 பேர் கிளம்புறோம். 12 கிலோமீட்டர் நடைன்னு சொல்றாங்களே, பாட்டியால ஆகுமா?

ஜோசப் மாமா: 12 கி.மீ. பெரிய த்ரொமெனிக்குத்தான். அது 6 வருஷத்துக்கு ஒருக்கா. 2025-ல முடிஞ்சுது, இனி 2031. இப்ப சின்னது, வருஷா வருஷம் ஜூலை ரெண்டாவது ஞாயிறு. ஏறக்குறைய 6 கி.மீ. ஆனா மலையேத்தம் இதுலயும் உண்டு. பாட்டியைக் கோயில்லயே உக்கார வைங்க.

லூர்து அத்தை: த்ரொமெனின்னா என்னப்பா? பிரெஞ்சு மாதிரி இல்லையே.

ஜோசப் மாமா: பிரெத்தோன் மொழி அக்கா. "த்ரோ"ன்னா சுத்து. "மினிஹி"ன்னா மடத்துக்குச் சேர்ந்த அடைக்கல நிலம். அந்த எல்லையைச் சுத்தி வர்றதுதான் த்ரொமெனி. அயர்லாந்துலேர்ந்து வந்த புனித ரொனான் தினமும் வெறும் வயித்தோட மலையைச் சுத்துவார்னு ஐதீகம். அவர் நடந்த வழிதான் இது.

அருள்: கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே பழைய கெல்ட் இனத்து ட்ரூயிட் பூசாரிங்க சுத்தின வழின்னு படிச்சேன். வழியில நின்னு ஜெபிக்கிற நிலையம் 12, வருஷத்துக்கு மாசமும் 12.

ஜோசப் மாமா: தொனாசியேன் லொரான்னு ஒரு ஆய்வாளர் சொன்னது. கொலிஞில கிடைச்ச கெல்ட் வெண்கலப் பஞ்சாங்கத்தோட வச்சுப் பொருத்தினார். யோசனை அழகுதான். ஆனா ரொனானோட லத்தீன் வரலாறே 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலதான் இருக்கு. அதுக்கும் முன்னாடி எதுக்கு நடந்தாங்கன்னு சொல்ல ஏடு கிடையாது. ட்ரூயிட்டைத் தேடிக்கிட்டு நடந்தா கண்ணு முன்னாடி இருக்கிறதைக் கோட்டை விட்டுருவ.

அருள்: சரி, கண்ணு முன்னாடி என்ன இருக்கு?

ஜோசப் மாமா: கெபென்.

செல்வி: ???

ஜோசப் மாமா: ரொனான் ஓநாயா மாறி என் மகளைத் தின்னுட்டார்னு அவர் மேல பழி போட்டவ. கிராத்லோன் ராசா ரெண்டு வேட்டை நாயை ஏவி விட்டார். ரொனான் சிலுவை அடையாளம் போட்டதும் நாய்ங்க அடங்கிடுச்சு. பிள்ளையைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தது அவளேதான். பிறகு ரொனான் செத்ததும் உடலை வண்டியில ஏத்தி, மாடு போற வழியில விட்டாங்க. துணி துவைச்சிட்டிருந்த கெபென் துவைக்கிற கட்டையாலயே ஒரு மாட்டை அடிச்சா, கொம்பு ஒடிஞ்சுது. அந்தக் கொம்பு விழுந்த இடம்தான் மலை உச்சி, ப்ளாஸ்-ஆர்-ஹோர்ன், கொம்பு இடம். பெரிய த்ரொமெனியில 10-வது நிலையம் அதுதான், பிரசங்கமும் அங்கதான்.

ஜோசப் மாமா: அவளைப் பூமி விழுங்கின இடத்துல ஒரு சிலுவை நிக்குது. அதுக்கு மட்டும் யாரும் தொப்பி எடுக்க மாட்டாங்க.

லூர்து அத்தை: சிலுவைக்கு வணக்கம் வைக்காமப் போறதா! சாமியார் ஒண்ணும் சொல்றதில்லையா?

ஜோசப் மாமா: சாமியார் நிலையத்துல நற்செய்தி வாசிப்பார். மத்ததை ஜனங்க பாத்துக்குவாங்க. பெனித்தி சிற்றாலயம் கோயிலை ஒட்டியே இருக்கு. அங்க ரொனான் படுத்திருக்கிற கல் சிலையை ஆறு சம்மனசுங்க தாங்கி நிக்குறாங்க. அந்தக் கல்லுக்கு அடியில குனிஞ்சு நுழைஞ்சா மூட்டுவலி போகும்னு நம்பிக்கை. மலைப் பக்கம் "கல் குதிரை"ன்னு ஒரு பாறை, ரொனான் கடல் தாண்டி வந்த வாகனமாம். பிள்ளை இல்லாத பொண்ணுங்க அந்தக் காலத்துல அதுல உக்காருவாங்களாம். இதெல்லாம் எந்தப் பூசைப் புத்தகத்துலயும் கிடையாது.

செல்வி: பாட்டி நுழைய முடியுமா?

ஜோசப் மாமா: நல்லாக் குனியணும். முட்டி மடங்கலைன்னா வேண்டாம். கல்லைத் தொட்டுக்கிட்டா போதும்.

செல்வி: தெருவுல இலை தழைக் குடில் போட்டு சுரூபம் வைப்பாங்கன்னு அத்தை சொன்னாங்க?

ஜோசப் மாமா: அது பெரியதுல. மரச்சட்டம் நட்டு, கிளையும் பெரணி இலையும் சொருகி, உள்ளே வெள்ளைத் துணி விரிச்சு சுரூபம் வைப்பாங்க. நாற்பதுக்கும் மேல இருக்கும். காவல் இருக்கிறவர் சின்ன மணியை ஆட்டுவார், காணிக்கை போட்டுட்டு நடக்கணும். அந்த வழி தனியார் வயலுக்குள்ள போகுது, அந்த ஒரு வாரம்தான் திறந்திருக்கும். மத்த நாள்ல பழைய வரைபடத்தை வச்சுக்கிட்டுப் போனா வேலியில முட்டி நிப்பீங்க.

ஜோசப் மாமா: ஞாயிறு மழைன்னா பள்ளத்துப் பாதையெல்லாம் சேறு. தள்ளுவண்டி வேண்டாம், பிள்ளையை முதுகுல கட்டிக்கோங்க. உச்சியில காத்து பலமா அடிக்கும், பெரிய பதாகை பாய்மரம் மாதிரி விரியும். தூக்குறவர் தோல்வாரை இறுக்கிக்கிட்டு ஒருக்களிச்சுத்தான் நடப்பார். அவருக்குப் பின்னாடி ஒட்டி நடக்காதீங்க.

அருள்: ஜூலை நாலாவது ஞாயிறு வியோ-மார்ஷே பக்கம் ஏழு புனிதர் பர்தோன் வருது. அங்க தோல்மெனே, அதாவது கற்காலக் கல்லறையே, கோயிலோட நிலவறை. 1703-ல அது மேலயே கட்ட ஆரம்பிச்சாங்க. லூயி மாசினோன்னு ஒரு இஸ்லாமிய ஆய்வாளர் 1954-லேர்ந்து முஸ்லிம்களையும் கூட்டிட்டு வந்தார். அந்த ஏழு பேர்தான் எபேசு ஏழு உறங்குவோர், குகையில ரொம்ப வருஷம் தூங்கி எழுந்தவங்க. அவங்க குர்ஆன்லயும் இருக்காங்க, 18-வது அத்தியாயம். அதை ஊற்றடியில ஓதுவாங்க.

லூர்து அத்தை: மாட்டுக்கு வேண்டிக்கிற கோயில் ஒண்ணு இருக்குல்ல?

ஜோசப் மாமா: சேந்த்-எர்போ. உள்ளே ரெண்டு கல் மேசை. அந்தக் காலத்துல மாட்டு வால் முடியை வெட்டி அதுல வைப்பாங்க. முடியைக் குடுத்தா மாடு முழுசும் புனிதர் எர்போ பொறுப்புன்னு நம்பிக்கை. வச்ச முடியைக் கோயில் வித்துக்குமாம்.

அருள்: பெரிய த்ரொமெனியை உயிரோட நடக்காதவன் செத்த பிறகு நடக்கணுமாமே?

ஜோசப் மாமா: ஆமா. ஒவ்வொரு தடவையும் தன் சவப்பெட்டி நீளம்தான் நகர முடியும்.

அருள்: பெட்டி 2 மீட்டர், வழி 12 கி.மீ. 6,000 தடவை. 6 வருஷத்துக்கு ஒண்ணுன்னா 36,000 வருஷம் 😳

செல்வி: பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை நடந்தே தீருவாங்களாம்.

ஜோசப் மாமா: சின்னது அந்தக் கணக்குல சேராதுன்னு சொல்லு. மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துக்கோ.