பதில் முன்குறிப்பு: ‘ரெஸ்பான்ஸ் ஹெட்டர்’ என்பதற்குத் தமிழில் எதை வைப்பது?

எழுதியது: வியாசர்பாடி (ஆவணப் பொறுப்பு)

வணக்கம். நம் வலைப்பதிவு மென்பொருளின் ஏபிஐ (மற்ற நிரல்கள் அதனோடு பேசும் வழி) ஆவணத்தில் மூன்றாம் இயல் ஒரு சொல்லுக்காக நின்றுகிடக்கிறது. சர்வர் தரும் பதிலில் உள்ளடக்கத்துக்கு முன்னால் வரும் விவர வரிதான் ‘ரெஸ்பான்ஸ் ஹெட்டர்’. அது வரைவில் ‘மறுமொழித் தலைப்பு’ என்று இருக்கிறது. அகராதியை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் மென்பொருளில் ‘தலைப்பு’ என்றால் பதிவின் டைட்டில். ‘மறுமொழி’ என்றால் பதிவுக்கு அடியில் வாசகர் போடும் கமென்ட். ‘மொத்தப் பக்க எண்ணிக்கை மறுமொழித் தலைப்பில் வரும்’ என்று எழுதினால், தண்டையார்பேட்டை வகுப்புக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர் உள்ளடக்கமாக வரும் ஜேசன் தரவைத் திறந்து கமென்ட் பகுதியில்தான் தேடுவார். அது அங்கே இருக்காது.

‘ரெஸ்பான்ஸ்’ என்பதற்குப் ‘பதில்’ என்றும் ‘ரிக்வெஸ்ட்’ என்பதற்குக் ‘கோரிக்கை’ என்றும் வைத்துக்கொள்ளலாம். இதில் யாருக்கும் தடை இருக்காது என நினைக்கிறேன். ‘ஹெட்டர்’தான் சிக்கல். ‘தலைப்பகுதி’ என்று வைத்தால் எச்டிஎம்எல் பக்கத்தின் ஹெட் பகுதியோடு மோதும். ‘முகப்பு’ ஹோம் பேஜுக்குப் போய்விட்டது. சொல் தருகிறவர்கள் அதை ஒரு பிழைச் செய்திக்குள்ளும் வைத்துப் பார்த்துத் தாருங்கள். ஆவணத்தைவிடப் பிழைச் செய்தியைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள்.


எழுதியது: ராயபுரம் (சர்வர் பக்கம்)

> அதை ஒரு பிழைச் செய்திக்குள்ளும் வைத்துப் பார்த்துத் தாருங்கள்

சரியான அளவுகோல். சர்வர் நிரல்மொழியான பிஹெச்பியில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் ‘ஹெட்டர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ பிழையையே எடுத்துக்கொள்வோம். சர்வர் பதில் தரும்போது முதலில் நிலைவரி (200, 404 போன்ற நிலை எண் உள்ளது) போகும், அடுத்து ஹெட்டர்கள், பிறகு ஒரு வெற்று வரி, அதற்கப்புறம்தான் உள்ளடக்கம். உள்ளடக்கத்தில் ஒரே ஒரு பைட் வெளியே போய்விட்டாலும் ஹெட்டருக்கான வாசல் அடைபட்டுவிடும். அந்தப் பொருளில் ஹெட்டரின் இயல்பே ‘முன்னால் போவது’தான். ‘தலை’ என்ற சொல்லில் இது ஏறவில்லை.

என் முன்மொழிவு: முன்குறிப்பு. ஹெட்டர் ஃபீல்டின் பெயருக்கு ‘முன்குறிப்புப் பெயர்’, அதன் வேல்யூவுக்கு ‘முன்குறிப்பு மதிப்பு’. பிழைச் செய்தி இப்படி அமையும்: ‘முன்குறிப்பை இனி மாற்ற முடியாது, உள்ளடக்கம் போகத் தொடங்கிவிட்டது.’ காரணமும் அதிலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பிழை தமிழ்க் கோப்புகளில் கூடுதலாக வருவதால் இயலில் விளக்கியே ஆக வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட்டுகள் (ஈஎஃப், பிபி, பிஎஃப்) கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் சரங்கள் உள்ள மொழிக்கோப்பை அப்படிச் சேமித்தால், பிஹெச்பி அந்த மூன்று பைட்டுகளையும் உள்ளடக்கமாக வெளியே தள்ளிவிடும். பலருடைய கணினியில் இது வெளிப்படாது. பிஹெச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைப்பது) 4096 பைட் என்று இருக்கும். அது இந்த மூன்று பைட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஃபரிங் இல்லாத சர்வரில் ஏற்றியதும் பிழை வந்து நிற்கும். கோப்பின் முதல் மூன்று பைட்டுகளை ஹெக்ஸில் பார்ப்பதே நேரான சோதனை. சேமிக்கும்போது ‘பிஓஎம் இல்லாமல்’ என்ற தேர்வை எடுத்தால் தீர்ந்தது. பிஹெச்பி மட்டுமே உள்ள கோப்பில் முடிவுக் குறியைப் போடாமல் விடுவதும் நல்லது. அதற்குப் பின்னால் விழும் வெற்று வரிகளும் இதே வேலையைச் செய்யும்.


எழுதியது: திருவொற்றியூர்

முன்குறிப்புக்கு என் ஆதரவு. ‘மேலுறை’ என்று முன்பு நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். உறை என்றால் உள்ளடக்கத்தைச் சுற்றி மூடுவது, ஹெட்டர் எதையும் மூடுவதில்லை. மாணவர்களுக்குச் சொல்லும்போது மண்ணடி பார்சல் ஆபீஸில் மூட்டைமேல் மையால் எழுதும் மார்க்காவைக் காட்டலாம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன சரக்கு, எங்கே போகிறது என்று அது சொல்லிவிடும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 2022இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9110, ஹெட்டர் ஃபீல்டு, டிரெய்லர் ஃபீல்டு என்று இரண்டைச் சொல்கிறது. இரண்டாவது, உள்ளடக்கம் முடிந்த பிறகு வருவது. கடிதத்தின் கடைசியில் பி.கு. போடும் வழக்கம் நமக்கு இருக்கிறதே. டிரெய்லரை அப்படியே ‘பின்குறிப்பு’ என்று எழுதிவிடலாம். பிரவுசரின் ஃபெட்ச் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் கேட்கும் கட்டளை) பின்குறிப்பைப் படிக்கத் தராது என்பதால் நம் ஏபிஐக்கு அது தேவையில்லை. ஒரு வரி போதும்.


எழுதியது: பெரம்பூர் (பிரவுசர் பக்கம்)

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த இயலில் இன்னொரு சொல்லும் மோதுகிறது. ‘ப்ரீஃப்ளைட்’ என்பதை வரைவில் ‘முன்னோட்டம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பதிவை வெளியிடும் முன் பார்க்கும் பட்டனின் பெயரும் ‘முன்னோட்டம்’தான். பிரவுசர் ஆப்ஷன்ஸ் முறையில் சர்வரிடம் ‘இந்தக் கோரிக்கையை அனுப்பலாமா’ என்று கேட்பதுதான் ப்ரீஃப்ளைட். ஆகவே ‘முன் அனுமதிக் கோரிக்கை’ என்று மாற்றுங்கள்.

வகுப்பில் மறுபடி மறுபடி வரும் கேள்வியையும் சேர்க்க வேண்டும். பதிவுப் பட்டியலைக் கேட்டால் வேர்ட்பிரஸ், மொத்தப் பதிவு எண்ணிக்கையை எக்ஸ்-டபிள்யூபி-டோட்டல் என்ற முன்குறிப்பிலும், மொத்தப் பக்க எண்ணிக்கையை எக்ஸ்-டபிள்யூபி-டோட்டல்பேஜஸ் என்ற முன்குறிப்பிலும் தரும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 பதிவுகள். நாமும் அதே வழியில்தான் போகிறோம். மாணவர் கர்ல் கட்டளையில் பார்க்கும்போது எண் தெரிகிறது, ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் ‘நல்’ (மதிப்பு இல்லை) வருகிறது. பிரவுசரின் நெட்வொர்க் தாவலிலும் எண் கண்ணெதிரே நிற்பதால் நிரலில்தான் பிழை என்று மணிக்கணக்காகத் தேடுகிறார்கள்.

பக்கம் ஓர் ஆரிஜினிலும் (நெறிமுறை, டொமைன், போர்ட் சேர்ந்த முகவரி) ஏபிஐ வேறு ஆரிஜினிலும் இருந்தால், பிரவுசர் ஏழு முன்குறிப்புகளை மட்டுமே ஜாவாஸ்கிரிப்டுக்குத் தானாகக் காட்டும்: கேஷ்-கன்ட்ரோல், கன்டென்ட்-லாங்வேஜ், கன்டென்ட்-லெங்த், கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மாடிஃபைட், பிராக்மா. மற்றவற்றை, ஈடேக், லிங்க், லொக்கேஷன் உட்பட, சர்வர் தன் ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் முன்குறிப்பில் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். குக்கியோடு போகும் கோரிக்கை என்றால் நட்சத்திரக் குறி செல்லாது. ஒவ்வொரு பெயரையும் எழுதியே ஆக வேண்டும்.


எழுதியது: ராயபுரம்

பெரம்பூர் நண்பர் சொன்னதோடு சர்வர் பக்கத்தில் இரண்டு சேர்க்கிறேன். வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில், முன்குறிப்பைச் சேர்க்கும் ஆட்-ஹெடர் கட்டளைக்கு ‘ஆல்வேஸ்’ சேர்க்காவிட்டால் 200, 201, 301, 304 போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே முன்குறிப்பு சேரும். 404, 500 போன்றவற்றுக்குச் சேராது. விளைவு: ஏபிஐ 500 தந்திருக்கும், ஆனால் அனுமதி முன்குறிப்பு இல்லாததால் கன்சோலில் கோர்ஸ் (வேறு ஆரிஜினுக்கு அனுமதி) பிழை என்றே எழுதி வரும். உண்மைப் பிழை மறைந்துவிடும். அடுத்தது, வெளிப் பிளாக்கில் ஆட்-ஹெடர் எழுதி, உள் லொக்கேஷன் பிளாக்கில் இன்னொன்றைச் சேர்த்தால், வெளியில் எழுதியவை வழக்கமாக உள்ளே இறங்காது. உள்ளே மறுபடி எழுத வேண்டும்.


எழுதியது: எண்ணூர்

பெயரிடுதல் பற்றி ஒன்று: நாமே உருவாக்கும் தனி முன்குறிப்புகளுக்கு எக்ஸ் முன்னொட்டு வேண்டாம் என்று 2012லேயே ஆர்எஃப்சி 6648 சொல்லிவிட்டது. பழையவற்றை விட்டுவிடலாம், புதியவற்றுக்குப் போடாதீர்கள்.

பெரிய கவலை ஈடேக் பற்றியது. பதிவின் இப்போதைய நிலைக்குச் சர்வர் தரும் அடையாள மதிப்பு அது. காசிமேடு மீன் விலைப் பதிவை ராயபுரத்திலிருந்து ஒருவரும் எண்ணூரிலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். பதிவை எடுக்கும்போது வந்த ஈடேக் மதிப்பை, சேமிக்கும்போது இஃப்-மேட்ச் என்ற கோரிக்கை முன்குறிப்பில் திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் மற்றவர் சேமித்திருந்தால் மதிப்பு மாறியிருக்கும். சர்வர் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) தந்து நிறுத்தும். இல்லாவிட்டால் முதலில் சேமித்தவரின் விலைகள் சத்தமில்லாமல் அழியும்.

ஏற்பாடு நல்லது. ஆனால் என்ஜின்எக்ஸில் ஜேசனுக்கும் ஜிஜிப் (அளவைச் சுருக்கி அனுப்புவது) போட்டிருந்தால் அது ஈடேக்கின் முன்னால் டபிள்யூ, சாய்கோடு சேர்த்து ‘வீக்’ (பொருள் ஒன்றே, பைட்டுகள் மாறலாம்) ஆக்கிவிடும். இஃப்-மேட்ச் கறாரான ஒப்பீட்டையே ஏற்கும். வீக் மதிப்பு எதோடும் பொருந்தாது. யாரும் திருத்தாத பதிவுக்கும் 412 வரும். திருத்தும் பாதைக்கு மட்டும் ஜிஜிப்பை நிறுத்துங்கள். வாசகருக்கான பாதையில் இஃப்-நன்-மேட்ச் வீக் மதிப்பையும் ஏற்று 304 (மாறவில்லை) தருவதால் அங்கே ஜிஜிப் இருக்கட்டும். போனில் படிக்கிறவருக்கு டேட்டா மிச்சம். வீக், ஸ்ட்ராங் இரண்டுக்கும் ‘தளர் ஈடேக்’, ‘இறுகு ஈடேக்’ என்று பரிந்துரைக்கிறேன்.


எழுதியது: வியாசர்பாடி

தளர், இறுகு இரண்டும் சேர்ந்தன. முன்குறிப்பு, பின்குறிப்பு, முன் அனுமதிக் கோரிக்கை மூன்றையும் சொற்பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஈடேக், லிங்க் போன்ற முன்குறிப்புப் பெயர்களைப் பெயர்க்கக் கூடாது. நிரலில் உள்ளபடியே நிற்கட்டும்.

முன்குறிப்பு மதிப்பில் தமிழ் எழுத்தை நேராக வைக்கக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. ‘காசிமேடு-மீன்பிடித்-துறைமுகம்’ என்ற முகவரித் துண்டை எடுத்துக்கொண்டேன். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்தோ துணைக்குறியோ) யுடிஎஃப்-8இல் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டையும் % போட்டு எழுதும் சதவீதக் குறியீட்டில் ஒன்பது எழுத்து. இதில் 27 புள்ளிகள், இரண்டு கோடுகள். ஆக, லொக்கேஷன் முன்குறிப்பில் இந்தத் துண்டு மட்டும் 245 எழுத்து. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து எடுக்கும் இத்துண்டை 200 எழுத்தோடு வெட்டுவதால் கடைசிச் சொல் ‘துறை’ என்று நின்றுவிடும். அதனால் பதிவை உருவாக்கியபின் முகவரியைத் தலைப்பிலிருந்து ஊகிக்காமல், 201 பதிலோடு வரும் லொக்கேஷன் மதிப்பையே எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

கோப்பு இறக்கத்தில் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் கன்டென்ட்-டிஸ்பொசிஷனில் நட்சத்திரக் குறி போட்ட ஃபைல்நேம் வடிவம். அதோடு ஆங்கில எழுத்தில் ஒரு மாற்றுப் பெயரும்.

412 செய்தி இப்போது இப்படி இருக்கிறது: ‘நீங்கள் திறந்த பிறகு இந்தப் பதிவை வேறொருவர் சேமித்திருக்கிறார். உங்கள் திருத்தம் இன்னும் சேமிக்கப்படவில்லை. நகலெடுத்துக்கொண்டு பதிவை மீண்டும் திறக்கவும்.’ இதில் முன்குறிப்பு என்ற சொல்லே வரவில்லை. எழுதுகிறவருக்கு அது தேவையும் இல்லை. டெவலப்பர் பார்க்கும் ஜேசன் செய்தியில் மட்டும் ‘இஃப்-மேட்ச் முன்குறிப்பு பொருந்தவில்லை’ என்று போட்டிருக்கிறேன். திருத்தம் இருந்தால் மொழிக்கோப்பிலேயே செய்துவிடுங்கள், பிஓஎம் இல்லாமல்.